சம்பளம் ஒரு கணக்கு, வரி ஒரு கணக்கு

(நம் கல்லூரி முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"வெளிநாட்டு வேலை அனுபவம்" பற்றிப் பேச வேண்டும் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். வேலைக்குப் போவது எப்படி என்று சொல்ல இந்த மண்டபத்திலேயே முப்பது பேர் இருக்கிறார்கள். வேலையை விட்டு வருவது எப்படி என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. அதிலும், விட்டு வரும்போது பழைய கம்பெனி சம்பளத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, "வரிப் பிரச்சினை இருக்கு" என்று காரணம் சொன்னால் என்ன செய்வது? இதைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

நான் வக்கீல் இல்லை, ஆடிட்டரும் இல்லை. உங்களைப் போல மெக்கானிக்கல் படித்தவன். 2016 அக்டோபரிலிருந்து 2022 ஆகஸ்ட் வரை சிங்கப்பூரில் ஒரு பொறியியல் கம்பெனியில் வேலை பார்த்தேன். அங்கே எனக்கு நேர்ந்ததையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். கம்பெனியின் பெயர் வேண்டாம். பெயரைத் தெரிந்துகொள்வதால் உங்களுக்கு லாபம் ஒன்றுமில்லை, முறையைத் தெரிந்துகொள்வதால் உண்டு.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். சம்பளம் ஒரு கணக்கு, வரி ஒரு கணக்கு. கம்பெனி இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுத்தான் பேசும். அதை அவிழ்த்துத் தனித்தனியாக வைத்துப் பார்த்தாலே பாதித் தகராறு தீர்ந்த மாதிரி.

சட்டம் என்ன சொல்கிறது?

சிங்கப்பூர்க் குடியுரிமை இல்லாத ஒருவர் வேலையை விடுகிறார் என்றால், அவர் கட்ட வேண்டிய வருமான வரி முழுவதையும் தீர்த்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும் என்பது அந்த ஊர்ச் சட்டம். அதற்கு டாக்ஸ் கிளியரன்ஸ் என்று பெயர். வேலை முடிவதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பாகவே கம்பெனி ஐ.ஆர்.21 என்ற படிவத்தை உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். ஊழியர் போகப்போகிறார் என்று தெரிந்த நாளிலிருந்து அவருக்குச் சேர வேண்டிய எந்தப் பணத்தையும், அதாவது சம்பளம், ஓவர்டைம், போனஸ், விடுப்புக்கான பணம் எல்லாவற்றையும், கம்பெனி நிறுத்தி வைக்க வேண்டும். நிறுத்தி வைக்காமல் கொடுத்துவிட்டால் அந்த வரிக்குக் கம்பெனியே பொறுப்பு.

ஆகவே தம்பிகளே, கடைசி மாதச் சம்பளம் வரவில்லை என்றவுடனே "ஏமாத்திட்டாங்க" என்று கூச்சல் போடாதீர்கள். நிறுத்தி வைப்பது அங்கே சட்டப்படி சரி. ஆனால் அதே சட்டத்தில் இன்னொரு பாதி இருக்கிறது. அந்தப் பாதியைக் கம்பெனிக்காரர் சொல்ல மாட்டார். வரி ஆணையத்தின் உத்தரவு வந்ததும், அல்லது ஐ.ஆர்.21 ஆணையத்துக்குப் போய்ச் சேர்ந்து 30 நாள் ஆனதும், இரண்டில் எது முந்தியோ அன்றைக்கு, வரி போக மீதியை விட்டுவிட வேண்டும். அதற்கு மேல் ஒரு காசைப் பிடித்து வைத்தாலும் அது வரி விஷயம் ஆகாது. சம்பள பாக்கி ஆகிவிடும்.

என் கணக்கு

என் சம்பளம் மாதம் 6,000 வெள்ளி. டாலரை அங்கே தமிழில் வெள்ளி என்றுதான் சொல்வோம். நான் பார்த்துக்கொண்டிருந்த ப்ராஜெக்டை வாடிக்கையாளரிடம் ஒப்படைத்ததும் 9,000 வெள்ளி போனஸ் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. 2022 ஜூனில் ஒப்படைத்தாகிவிட்டது. ஜூலை 1-ஆம் தேதி இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்தேன். கடைசி நாள் ஆகஸ்ட் 31. எடுக்காத விடுப்பு 12 நாள் இருந்தது. மாதச் சம்பளத்தை 12-ஆல் பெருக்கி, 52 வாரம், வாரத்துக்கு 5 நாள் என்று வகுப்பார்கள். அப்படிப் பார்த்தால் ஒரு நாளுக்கு 276 வெள்ளி 92 காசு. 12 நாளுக்கு 3,323 வெள்ளி.

ஜூலைச் சம்பளம், ஆகஸ்ட் சம்பளம், போனஸ், விடுப்புப் பணம் எல்லாம் சேர்த்து 24,323 வெள்ளி நின்றுபோனது. இரண்டு மாதம் கையில் வருமானம் கிடையாது. வீட்டு வாடகை, பையனின் பள்ளிக் கட்டணம், ஊருக்கு அனுப்ப வேண்டியது எதுவும் நிற்கவில்லை. மனிதவளப் பிரிவில் போய்க் கேட்டால், "டாக்ஸ் எவ்வளவு வரும்னு தெரியலை சார், எல்லாம் வரிக்கே சரியாப் போயிடும் போல" என்றார் அந்த அம்மா.

சரி, வரி எவ்வளவுதான் வரும்? காகிதம் எடுத்துப் போட்டுப் பார்த்தேன். அந்த வருஷம் எட்டு மாதச் சம்பளம் 48,000. போனஸும் விடுப்புப் பணமும் சேர்த்தால் 60,323. உழைப்பு வருமானச் சலுகை 1,000 போக 59,323. அங்கே நிரந்தரமாக இருந்து வேலை செய்பவருக்கு முதல் 20,000-க்கு வரி இல்லை. அடுத்த 10,000-க்கு 2 சதவீதம், அதற்கடுத்த 10,000-க்கு 3.5 சதவீதம், அதன் பிறகு 80,000 வரை 7 சதவீதம். கூட்டிப் பார்த்தால் மொத்தம் 1,902 வெள்ளி. முந்தின வருஷத்து வரி ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. 1,902 வெள்ளி வரிக்காக 24,323 வெள்ளி காத்துக்கொண்டிருந்தது! இந்தக் கணக்கைப் போட அரை மணி நேரம் போதும். இதைப் போடாதவரை கம்பெனி சொல்வதுதான் கணக்கு.

ஜூலை 31-க்குள் அனுப்பியிருக்க வேண்டிய ஐ.ஆர்.21-ஐ ஆகஸ்ட் 29-ல்தான் கம்பெனி அனுப்பியது. செப்டம்பர் 8-ஆம் தேதி ஆணையத்தின் உத்தரவு வந்தது. வரி 1,902 வெள்ளியைக் கட்டிவிட்டு மீதியை ஊழியரிடம் கொடுக்கவும் என்பதுதான் உத்தரவு. செப்டம்பர் 14-ல் என் கணக்கில் விழுந்தது 10,098 வெள்ளி. அதாவது இரண்டு மாதச் சம்பளத்தில் முழு வரியையும் கழித்துக்கொண்டு, போனஸையும் விடுப்புப் பணத்தையும் கொடுக்கவே இல்லை.

"போனஸ் மேனேஜ்மென்ட் முடிவு சார், இன்னும் அப்ரூவ் ஆகலை" என்று பதில் வந்தது.

ஒரு காகிதம் செய்த வேலை

நான் ஐ.ஆர்.21-ன் நகலைக் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். அதில் போனஸ் 9,000 என்றும், விடுப்புப் பணம் 3,323 என்றும் கம்பெனியே எழுதி அனுப்பியிருக்கிறது. அங்கே வரிச் சட்டம் எப்படி என்றால், போனஸ் கைக்கு வந்த நாளைப் பார்ப்பதில்லை, அது உரிமையான நாளைத்தான் பார்க்கும். ஆக, "இவருக்கு 9,000 வெள்ளி போனஸ் சேர வேண்டியிருக்கிறது" என்று அரசாங்கத்திடம் ஒப்புக்கொண்டவர்கள், என்னிடம் மட்டும் "முடிவாகவில்லை" என்கிறார்கள். அந்தப் போனஸுக்கு மட்டும் 7 சதவீதம், 630 வெள்ளி வரியை என் சம்பளத்திலிருந்து எடுத்துக் கட்டியாகிவிட்டது. கைக்கு வராத பணத்துக்கு நான் வரி கட்டியிருக்கிறேன்!

இங்கே ஒரு முக்கியமான விஷயம். கோபத்தில் பலருக்கு முதலில் தோன்றுவது வரி ஆணையத்துக்கு எழுதலாம் என்பதுதான். மதிப்பீட்டு நோட்டீஸ் தேதியிலிருந்து 30 நாளுக்குள் ஆட்சேபம் எழுதலாம், உரிமை உண்டு. என் நண்பர் ஒருவர்கூட, "போனஸ் வரலைன்னு எழுதிப் போடுங்க, 630 வெள்ளியாவது திரும்பி வரும்" என்றார். நான் எழுதவில்லை. ஏன் தெரியுமா? "எனக்குப் போனஸ் உரிமை கிடையாது, ஆகவே வரி தப்பு" என்று ஒரு ஆபீஸில் எழுதிக் கொடுத்துவிட்டு, இன்னொரு ஆபீஸில் போய் "எனக்குப் போனஸ் உரிமை உண்டு" என்று எப்படிக் கேட்பது? 630 வெள்ளிக்காக 9,000 வெள்ளியை நானே வெட்டிக்கொண்ட மாதிரி ஆகிவிடும். இரண்டு கணக்கும் வேறு வேறுதான், ஆனால் இரண்டிலும் நாம் சொல்லும் வார்த்தை ஒன்றாக இருக்க வேண்டும்.

ஆகவே கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினேன். நாலே வரி. "நீங்கள் அனுப்பிய ஐ.ஆர்.21-ல் போனஸ் 9,000 வெள்ளி, விடுப்புப் பணம் 3,323 வெள்ளி என்று காட்டியிருக்கிறீர்கள். அதற்குரிய வரி என் சம்பளத்திலிருந்து கட்டப்பட்டுவிட்டது. மீதியைக் கொடுக்கும்படி ஆணையத்தின் உத்தரவும் வந்துவிட்டது. ஏழு நாளுக்குள் தொகையைக் கொடுங்கள், அல்லது கொடுக்க முடியாத காரணத்தை எழுத்தில் தெரிவியுங்கள்." கடிதத்தில் வசவு கிடையாது, மிரட்டல் கிடையாது, "ஆறு வருஷம் உழைத்தேனே" என்ற புலம்பலும் கிடையாது. பின்னால் ஒரு மூன்றாம் மனிதர் படிக்கப் போகிற கடிதம் அது. அவருக்குத் தேவையானது தேதியும் தொகையும்தான்.

பதில் வரவில்லை. போன்தான் வந்தது. நம் ஊர்க்காரர், எனக்கு மேலே இருந்த ஒரு மேலாளர். "தம்பி, பெரிய கம்பெனியோட மோதாதீங்க. நாளைக்கு மறுபடி சிங்கப்பூர் வரணும்னா கஷ்டமாயிடும். பத்தாயிரம் வெள்ளிதானே, விட்டுடுங்க" என்றார். நல்ல மனிதர்தான், யாரோ சொல்லச் சொல்லி அவர் சொல்லியிருக்கிறார். "அண்ணே, நான் மோதலை. கணக்குக் கேக்கறேன். நீங்க சொன்னதை அப்படியே ஒரு மெயில்ல எழுதி அனுப்பிடுங்க" என்றேன். அதோடு போன் நின்றுவிட்டது.

சம்பளத்துக்குரிய வாசல்

சம்பளத் தகராறுக்கு அங்கே முத்தரப்புக் கூட்டணி என்று ஓர் அமைப்பு இருக்கிறது. மனிதவள அமைச்சு, தொழிற்சங்கம், முதலாளிகள் சம்மேளனம் மூன்றும் சேர்ந்து 2017 ஏப்ரலில் ஆரம்பித்தது. டி.ஏ.டி.எம். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். முதலில் அங்கேதான் போக வேண்டும். இரு தரப்பையும் கூப்பிட்டுச் சமரசம் பேசுவார்கள். பேச்சு முறிந்தால் ஒரு சான்றிதழ் கொடுப்பார்கள். அதை வைத்துக்கொண்டு நான்கு வாரத்துக்குள் வேலைக் கோரிக்கைகளுக்கான நடுவர் மன்றத்தில் மனுப் போடலாம். அந்த மன்றத்தில் வக்கீல் வைத்துக்கொள்ள இரு தரப்புக்கும் அனுமதி இல்லை. கம்பெனி பெரிய வக்கீலைக் கொண்டுவந்து நிறுத்திவிடுமோ என்ற பயமே வேண்டாம்.

மன்றம் ஆரம்பித்தபோது ஒரு கோரிக்கைக்கு உச்சவரம்பு 20,000 வெள்ளி, தொழிற்சங்கம் மூலமாகச் சமரசத்துக்கு வந்தால் 30,000 வெள்ளி என்று வைத்தார்கள். கம்பெனி 24,323-ஐயும் பிடித்து வைத்திருந்தால் வரம்பைத் தாண்டியிருக்கும். வரியையும் சம்பளத்தையும் பிரித்த பிறகு என் பாக்கி 12,323 வெள்ளிதான், வரம்புக்குள் வந்துவிட்டது.

காலக்கெடுவைக் கவனியுங்கள். வேலையை விட்ட நாளிலிருந்து ஆறு மாதம். எனக்கு 2023 பிப்ரவரி 28 வரை. "அடுத்த மாசம் போட்டுடறோம் சார்" என்று ஆறு தடவை சொன்னால் போதும், கம்பெனிக்கு வேறு ஒன்றும் தேவையில்லை. அதே ப்ராஜெக்டில் இருந்த ஒரு வெல்டருக்கு மூன்று மாத ஓவர்டைம் பாக்கி. "முதலாளி நல்லவருங்க, கண்டிப்பாக் கொடுத்திடுவாரு" என்று ஊரில் உட்கார்ந்து காத்திருந்தார். அவர் எனக்குப் போன் செய்தபோது ஏழு மாதம் முடிந்திருந்தது. அவரிடம் எல்லாச் சம்பளச் சீட்டும் இருந்தது, பிரயோஜனம் இல்லை. எனக்கு அதிகம் வருத்தம் அவரை நினைத்துத்தான்.

இன்னொரு கெடுவும் உண்டு. வேலை பாஸை ரத்து செய்ததும் பெரும்பாலும் 30 நாள் தங்க அனுமதி கொடுப்பார்கள். கம்பெனி பணத்தை நிறுத்தி வைப்பதற்கும் அதிகபட்சம் 30 நாள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக ஓடும். ஊழியர் விமானம் ஏறுகிற நேரத்தில்தான் பணம் வர வேண்டிய நேரமும் வரும். அதனால் நான் செப்டம்பர் 20-ஆம் தேதியே, அங்கே இருக்கும்போதே கோரிக்கையைப் பதிந்துவிட்டேன். 28-ஆம் தேதி ஊருக்கு வந்தேன். சமரசப் பேச்சு அக்டோபரில் போன் மூலமாக நடந்தது.

பேச்சில் எனக்குத் துணையாக இருந்தவை மூன்று காகிதங்கள். போனஸ் எழுதிய ஒப்பந்தம் ஒன்று, ப்ராஜெக்ட் ஒப்படைத்ததற்கான கையெழுத்துப் படிவம் ஒன்று, ஐ.ஆர்.21 நகல் ஒன்று. சமரசம் செய்தவர் மூன்றாவதைப் படித்துவிட்டுக் கம்பெனித் தரப்பைப் பார்த்து, "இந்தத் தொகையை ஆணையத்துக்கு எழுதிக் கொடுத்தது நீங்கள்தானே?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். போனஸ் முழுவதையும் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். விடுப்பில் மூன்று நாள் ஏற்கெனவே எடுத்ததாக அவர்களிடம் ஒரு பதிவு இருந்தது, என்னிடம் அதை மறுக்க ஆதாரம் இல்லை. ஒன்பது நாளுக்கு 2,492 வெள்ளி என்று முடிவாயிற்று. மொத்தம் 11,492 வெள்ளி.

உடன்படிக்கையை எழுதும்போது இரண்டு வரி சேர்க்கச் சொன்னேன். முதலாவது, இந்தப் பணம் எந்தக் காலத்து வேலைக்குரியது, எந்த இடத்தில் செய்த வேலைக்குரியது என்பது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன். இரண்டாவது, ஐ.ஆர்.21-ஐத் திருத்தி அனுப்ப வேண்டும் என்பது. மூன்று நாள் விடுப்புப் பணம் 831 வெள்ளி குறைந்ததால் வரியில் 58 வெள்ளி குறைய வேண்டும் இல்லையா? 58 வெள்ளி சில்லறைதான், ஆனாலும் கணக்கு கணக்காக இருக்க வேண்டும். அந்தப் பணமும் வந்தது. உடன்படிக்கை கையெழுத்தானதும் நான்கு வாரத்துக்குள் அதை மாவட்ட நீதிமன்றத்தில் பதிவு செய்துவிட்டால் நீதிமன்ற உத்தரவுக்குச் சமம். கம்பெனி பிறகு பின்வாங்கினால் அது கைகொடுக்கும்.

ஊருக்கு வந்த பிறகு

விமானம் இறங்கியதும் இந்திய வரிக் கணக்கு ஆரம்பமாகிறது. சிங்கப்பூரில் வரி வருஷம் ஜனவரி முதல் டிசம்பர் வரை, நமக்கு ஏப்ரல் முதல் மார்ச் வரை. ஒரே சம்பளம் இரண்டு ஊர்க் கணக்கில் வெவ்வேறு வருஷத்தில் விழும்.

ஒரு நிதி வருஷத்தில் 182 நாள் இந்தியாவில் இருந்தால் நீங்கள் இங்கே வசிப்பவர். அக்டோபர் 1-ஆம் தேதி வந்து இறங்கினாலும் மார்ச் 31-க்குள் 182 நாள் ஆகிவிடும். நான் செப்டம்பர் 28-ல் வந்ததால் 185 நாள். அப்படியானால் அந்த ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை வாங்கிய சிங்கப்பூர்ச் சம்பளத்துக்கு இங்கே வரியா? அது அடுத்த கேள்வியைப் பொறுத்தது. முந்தின ஏழு வருஷத்தில் இந்தியாவில் இருந்தது 729 நாளுக்கு மிகாமல் இருந்தாலோ, அல்லது முந்தின பத்து வருஷத்தில் ஒன்பது வருஷம் வெளிநாட்டில் வசிப்பவர் என்ற நிலையில் இருந்தாலோ, சாதாரணமாக வசிப்பவர் அல்லாதவர் என்று ஒரு நடுநிலை உண்டு. அவர்களுக்கு வெளிநாட்டில் செய்த வேலைக்கான சம்பளத்தின் மேல் இங்கே வரி இல்லை. நான் அந்த வகையில் வந்தேன். ஆனால் மூன்றே வருஷம் வேலை பார்த்துவிட்டு அதே தேதியில் திரும்புகிற ஒருவர் அந்த வகையில் வர மாட்டார். அவர் அந்த ஐந்து மாதச் சம்பளத்தையும் இங்கே காட்ட வேண்டும். ஆகவே திரும்பும் தேதியைக் குறிக்கும் முன் பாஸ்போர்ட்டை எடுத்து வைத்து நாளை எண்ணுங்கள்.

அப்படிக் காட்ட வேண்டி வந்தாலும் இரட்டை வரி வராது. இந்தியாவும் சிங்கப்பூரும் 1994-ல் செய்த இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் இருக்கிறது. அங்கே கட்டிய வரியை இங்கே கழித்துக்கொள்ளலாம். 1961-ஆம் வருஷச் சட்டப்படி அதற்குப் படிவம் 67 கொடுத்தோம். 2026 ஏப்ரல் 1-ஐ அமல் தேதியாகக் கொண்டு 2025-ஆம் வருஷத்துப் புதிய வருமான வரிச் சட்டம் வந்திருப்பதால் படிவ எண்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். எண் எதுவானாலும் அங்கே வரி கட்டியதற்கான ஆதாரம் கேட்பார்கள். அதைப் பழைய கம்பெனியிடம் கேட்டு வாங்குவது கஷ்டம். சிங்பாஸ் கணக்கு வேலை செய்யும்போதே ஆணையத்தின் இணையதளத்திலிருந்து மதிப்பீட்டு நோட்டீஸ்களை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

உடன்படிக்கையில் "எந்தக் காலத்து வேலைக்கு" என்று எழுதச் சொன்னது இதற்காகத்தான். ஊருக்கு வந்த பிறகு வெளிநாட்டிலிருந்து ஒரு பெரிய தொகை வந்தால், அது என்ன பணம் என்ற கேள்வி எப்போதாவது எழும். அப்போது பதில் சொல்ல அந்த ஒரு வரி போதும். அங்கே வங்கிக் கணக்கை மூடாமல் வைத்திருந்தாலும் கவனம் வேண்டும். சாதாரணமாக வசிப்பவர் என்ற நிலை வந்ததும் இங்கே கொடுக்கும் வரிக் கணக்கில் அந்த வெளிநாட்டுக் கணக்கைக் காட்டியாக வேண்டும். காட்டாவிட்டால் 2015-ஆம் வருஷத்துக் கறுப்புப் பணச் சட்டத்தில் அபராதம் உண்டு.

மற்ற நாடுகளில்

சிங்கப்பூரை மட்டும் சொல்கிறேனே என்று நினைக்க வேண்டாம். ஊர் மாறினால் படிவத்தின் பெயர் மாறும், இரண்டு வாசல் மாறாது. அமெரிக்காவில் முந்தின வருஷத்துச் சம்பள-வரிச் சான்றான டபிள்யூ-2 படிவத்தைக் கம்பெனி ஜனவரி 31-க்குள் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் இழுத்தாலோ, தவறாகக் கொடுத்துத் திருத்த மறுத்தாலோ, சம்பளச் சீட்டுகளை வைத்து நாமே படிவம் 4852 நிரப்பி வரிக் கணக்குக் கொடுக்கலாம். சம்பளப் புகார் அங்கே தொழிலாளர் துறைக்குப் போகும், வரித் துறைக்கு அல்ல. எச்-1பி விசாக்காரர் அந்தப் புகாரை 12 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். ஐக்கிய அரபு எமிரேட்ஸில் சம்பளத்துக்கு வருமான வரியே இல்லை. ஆகவே அங்கே யாராவது "வரிக்காகப் பிடித்திருக்கிறோம்" என்றால் உடனே சந்தேகப்படுங்கள். ஒரு வருஷம் முடித்தவருக்குப் பணிக்கொடை உண்டு. முதல் ஐந்து வருஷம் வரை வருஷத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்கு மேல் 30 நாள். ஒப்பந்தம் முடிந்து 14 நாளுக்குள் கணக்குத் தீர்க்க வேண்டும்.

தம்பி தங்கைகளுக்கு

ஒப்பந்தத்தில் எழுதாத வாக்குறுதியை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். சம்பளச் சீட்டை மாதா மாதம் சொந்த மெயிலுக்கு அனுப்பிக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் 2016 ஏப்ரலிலிருந்து பிரிவு பிரிவாக எழுதிய சம்பளச் சீட்டுக் கொடுப்பது கட்டாயம், கேட்டு வாங்க உரிமை இருக்கிறது. விடுப்புப் பதிவை வருஷத்துக்கு ஒருமுறையாவது நகல் எடுங்கள். என் மூன்று நாள் விடுப்பு போனது அந்தப் பதிவு கம்பெனி கையில் மட்டும் இருந்ததால்தான். நோட்டீஸ் கொடுக்கும் முன்பு இரண்டு மூன்று மாதச் செலவுக்குப் பணம் ஒதுக்கி வையுங்கள், ஏனென்றால் நிறுத்தி வைப்பது சட்டப்படி நடக்கும். கடைசி நாளுக்கு முன்பே ஐ.ஆர்.21 போய்விட்டதா என்று கேளுங்கள், நகல் வாங்குங்கள். வரியை நீங்களே ஒருமுறை கணக்குப் போடுங்கள். பாக்கி இருந்தால் அங்கே இருக்கும்போதே கோரிக்கையைப் பதியுங்கள். வாயால் சொன்னதை எழுத்தில் கேளுங்கள். நீங்கள் புறப்படுகிற வருஷத்தில் தொகை வரம்புகளையும் நாள் கெடுவையும் அந்தந்த அமைச்சின் இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்ளவும் மறக்க வேண்டாம்.

சங்கத்துக்கும் ஒரு விண்ணப்பம் வைக்கிறேன். நம் உறுப்பினர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒருவர், ஜூனியர்கள் அனுப்புகிற ஒப்பந்தத்தையும் கடைசிக் கணக்கையும் படித்துப் பார்த்துச் சொல்ல முன்வந்தால் நன்றாக இருக்கும். பண உதவி வேண்டாம். "தம்பி, உனக்கு ஆறு மாசம்தான் டைம், இன்னிக்கே பதிஞ்சிடு" என்று ஒரு வார்த்தை சொல்ல ஒரு ஆள் போதும். அந்த வெல்டருக்கு அப்படி ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. நம் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டும். சிங்கப்பூருக்கு என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.